கழற்றி மாட்டும் கட்டில்

போன மார்கழியில் ஏற்காடு மலையில் உள்ள வெள்ளக்கடைக்குப் போயிருந்தேன். நண்பனின் குடும்பத்துக்கு அங்கே கொஞ்சம் காப்பித் தோட்டம் உண்டு. கூடவே கித்தான் கூரை போட்ட ஒரு பழைய ஜீப். அதற்குள் ஆள் படுக்கிற மாதிரி ஒரு பலகைத் தளம் செய்யலாம் என்பது அவன் யோசனை. இப்போது மலைக்கு வருகிறவர்களில் பலருக்கு லாட்ஜ் ரூம் வேண்டியதில்லை. வண்டியிலேயே தூங்கி, பனி விலகும்போது கண் விழிக்க வேண்டும். அவர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்று கணக்குப் போட்டிருந்தான்.

சிக்கல் என்னவென்றால், மார்கழி காப்பிப் பழம் பறிக்கிற காலம். பகலில் ஜீப்புக்கு வேலை இருக்கிறது. மூட்டை ஏற்ற வேண்டும், ஆள் ஏற்ற வேண்டும். சேலத்திலிருந்து வந்த ஆசாரி ஜீப்பைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு ஒரே வரியில் சொல்லிவிட்டார்: "ராத்திரிக்குக் கட்டில், காலையில மூட்டை வண்டி. அப்போ இதுல ஆணியே அடிக்கக் கூடாதுங்க."

நாங்கள் டேப் பிடித்து அளந்துகொண்டிருந்ததை அந்த ஜீப்பை இருபது வருஷமாக ஓட்டும் டிரைவர் அண்ணன் சில்வர் ஓக் மரத்தடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் சிரித்துக்கொண்டே கேட்டார்: "தம்பி, இதுல வர்றவங்க படுத்துக்குவாங்க, சரி. நான் எங்க படுக்கறது?"

எங்களிடம் பதில் இல்லை. ஊருக்குத் திரும்பிய பிறகும் அந்தக் கேள்வி விடவில்லை. வழியில் தூங்குவதற்கு மனிதர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். எந்தக் காலத்தை எடுத்தாலும் கேள்வி ஒன்றுதான். வண்டிக்குள் ஒருவர் தூங்கும்போது விழித்திருப்பது யார்?

*

பல்லக்கு என்ற சொல்லிலிருந்தே தொடங்கலாம். சமஸ்கிருதத்தில் 'பர்யங்கம்', 'பல்யங்கம்' என்றால் கட்டில். இந்தியில் இன்றும் கட்டிலுக்கு 'பலங்' என்றுதான் பெயர். அந்த வேரிலிருந்து வந்ததுதான் நம்முடைய பல்லக்கு. போர்ச்சுக்கீசியர் வாயில் நுழைந்து ஆங்கிலத்துக்குப் போன 'பாலன்கீன்' என்பதும் அதுவே. ஆக, பல்லக்கு என்பது பெயரளவிலேயே தூக்கிச் செல்லப்படும் கட்டில்தான்.

கோயில் உற்சவத்தில் நாம் பார்க்கும் பல்லக்கு வேறு. கம்பெனி காலத்து அதிகாரிகள் நெடுந்தூரம் போகப் பயன்படுத்தியது ஒரு நீளமான மரப்பெட்டி. பிரம்பு பின்னிய அடித்தளம், அதன்மேல் மெத்தை, பக்கவாட்டில் தள்ளித் திறக்கும் கதவு. உள்ளே காலை நீட்டிப் படுக்கலாம். வெயிலுக்குப் பயந்து பெரும்பாலும் இரவில்தான் பயணம். தூக்குகிறவர்கள் ஒரு கூட்டமாக வருவார்கள். சிலர் தோள் கொடுக்க, மற்றவர்கள் கூடவே ஓடி வந்து தோள் மாற்றிக்கொள்வார்கள். முன்னால் ஒருவர் தீப்பந்தம் பிடித்துப் போவார். தபால் ஏற்பாடு இருந்த வழிகளில் குறிப்பிட்ட தூரத்துக்கு ஒருமுறை புது ஆட்கள் காத்திருப்பார்கள். உள்ளே இருப்பவர் தூங்கி எழும்போது அடுத்த ஊர் வந்திருக்கும்.

சேர்வராயன் மலையில் காப்பி வந்ததும் அந்தக் காலத்தில்தான். 1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காப்பியும் பழமரங்களும் கொண்டுவந்து வைத்தார். இன்று சேலத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளில் ஒரு மணி நேரத்துக்குள் ஏறிவிடுகிறோம். மோட்டார் சாலை வருவதற்கு முன் அடிவாரத்திலிருந்து மேலே போக மட்டக்குதிரை, நடை, அல்லது மனிதத் தோள். செங்குத்தான ஏற்றத்தில் பெட்டிப் பல்லக்கு சரிப்படாது என்பதால், கம்பில் கட்டிய நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிப் போவார்கள்.

பொறியியல் கண்ணோடு பார்த்தால் பல்லக்கு அருமையான படுக்கை வாகனம். முழு நீளத் தளம், காற்றோட்டம், குலுக்கலைத் தாங்கிக்கொள்ளும் தோள்கள். அதைக் கழற்றி வேறொரு வேலைக்குப் பயன்படுத்த வேண்டிய தேவை யாருக்கும் வரவில்லை. ஒரு மனிதரின் தூக்கத்துக்காக ஒரு கூட்டம் மனிதர்கள் முழு நேரமும் விழித்திருந்தார்கள். பின்னால் வந்த எந்த வண்டிக்கும் அந்த வசதி கிடைக்கவில்லை.

*

கழற்றி மாட்டும் படுக்கையை நம் ஊரில் முதலில் கண்டுபிடித்தவர்கள் அநேகமாக மாட்டுவண்டிக்காரர்களாகத்தான் இருக்க வேண்டும். சந்தைக்குப் போகிற மொட்டை வண்டி அறுவடைக்கு நெல் ஏற்றும், மற்ற நாளில் எரு அடிக்கும். கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போக வேண்டும் என்றால் அதன்மேல் மூங்கில் வளைத்துப் பாய் போர்த்திய கூண்டு ஏறும். ஊர் திரும்பியதும் கூண்டு இறங்கித் தொழுவத்துச் சுவரில் சாய்ந்துகொள்ளும். ஒரே வண்டிக்கு இரண்டு பிறவி.

படுக்கை அதைவிடச் சிக்கனம். வண்டித் தட்டில் முழங்கால் உயரத்துக்கு வைக்கோல் பரப்புவார்கள். மேலே ஒரு ஜமக்காளம். பவானி ஜமக்காளம் இந்தப் பக்கத்துப் பெருமை. கெட்டியான நெசவு, உதறினால் வைக்கோல் தூசி போய்விடும். குழந்தைகளும் கிழவிகளும் அதில் படுத்துக்கொள்ள, ராத்திரி முழுக்க வண்டி போகும். விடிந்து ஒரு சத்திரத்தின் ஓரத்தில் அவிழ்த்துவிட்டால், மாடுகள் அந்த மெத்தையைத் தின்ன ஆரம்பிக்கும். காலையில் தீவனமாகிவிடும் மெத்தையைவிடக் கச்சிதமான படுக்கை அமைப்பை இன்றைய எந்த வண்டிக் கடையும் விற்பதில்லை.

இங்கே தூக்கத்தின் கணக்கும் கொஞ்சம் மாறுகிறது. வண்டிக்காரரும் கண் அயரலாம். பழகிய வழி என்றால் மாடுகள் தாமாகவே நடக்கும்; முன்னால் போகும் வண்டியை ஒட்டிப் போகும். வண்டிக்கடியில் ஒரு அரிக்கேன் விளக்கு ஆடிக்கொண்டிருக்கும். பல்லக்கில் விழிப்பு முழுக்க மனிதர்கள் தலையில் விழுந்தது. வண்டியில் அது மாடுகளுக்கும் மனிதருக்குமாகப் பிரிந்தது. ஆபத்து இல்லாமல் இல்லை. குடை சாய்ந்த வண்டிகளின் கதை எல்லாக் கிராமத்திலும் உண்டு.

*

ரயில் வந்தபோது படுக்கைக்குக் கீல் முளைத்தது. 1860களின் தொடக்கத்தில் மெட்ராஸ் ரயில்வே சேலத்தைத் தொட்டுக்கொண்டு மேற்குக் கடற்கரைக்குப் போனது. அதே பத்தாண்டில் அமெரிக்காவில் ஜார்ஜ் புல்மன் பகலில் மேல்நோக்கி மடிந்து இரவில் இறங்கும் படுக்கையுடன் ரயில் பெட்டிகள் செய்தார். பகலில் உட்கார வேண்டும், இரவில் படுக்க வேண்டும், இடமோ ஒன்றுதான் என்ற கணக்குக்கு அது விடை.

அந்தக் கணக்கை நாம் எல்லோரும் போட்டிருக்கிறோம். ஸ்லீப்பர் கோச்சில் மிடில் பெர்த் வாங்கியவருக்கு அது தெரியும். சங்கிலியில் தொங்கும் அந்தப் பலகையை ராத்திரி 10 மணிக்கு மேல்தான் போட வேண்டும், காலை 6 மணிக்கு மடக்க வேண்டும் என்று ரயில்வே விதியே இருக்கிறது. கீழ் பெர்த்காரர் ஒன்பது மணிக்கே கொட்டாவி விட, எதிரே நாலு பேர் சீட்டாட, நடக்கும் அந்த மௌனப் போரில் பங்கெடுக்காத தமிழன் கிடையாது. மடக்கும் படுக்கை என்று வந்துவிட்டாலே அதற்கு ஒரு நேரம் உண்டு, அந்த நேரத்தைப் பற்றி ஒரு சண்டையும் உண்டு.

காருக்குள் படுக்கை 1930களில் வந்தது. 1936இல் அமெரிக்காவின் நாஷ் நிறுவனம், இருக்கைகளைப் படுக்கையாக மாற்றிக்கொள்ளும் வசதியை ஒரு விற்பனைச் சரக்காகவே விளம்பரம் செய்தது. போருக்குப் பிறகு ஜெர்மனியில் நடந்ததுதான் நம் கதைக்கு நெருக்கமானது. 1950களின் தொடக்கத்தில் வெஸ்ட்ஃபாலியா என்ற வண்டிக்கூடு கட்டும் நிறுவனம், வோக்ஸ்வாகன் வேனுக்காக 'கேம்பிங் பாக்ஸ்' என்று ஒன்றைச் செய்தது. அலமாரி, இருக்கை, படுக்கை எல்லாம் சேர்ந்த மரச்சாமான் அது. வார நாட்களில் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வேனில் சரக்கு ஏற்றலாம். விடுமுறை வந்தால் திரும்ப மாட்டிக்கொண்டு கிளம்பலாம். அன்றைய ஜெர்மனியில் வேலைக்கு ஒன்று, உல்லாசத்துக்கு ஒன்று என்று இரண்டு வண்டி வைத்துக்கொள்ள எத்தனை பேரால் முடியும்? 'கழற்றத்தக்க' என்ற சொல்லுக்குள் ஒளிந்திருப்பது இந்த எளிய உண்மைதான்: இந்த வண்டி நாளைக் காலையில் வேலைக்குப் போக வேண்டும்.

*

ஜீப் தூங்குவதற்காகப் பிறந்த வண்டியே இல்லை. 1941 முதல் 1945 வரை வில்லீஸ், ஃபோர்டு இரண்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளிய போர் வண்டி அது. மொத்த நீளமே ஏறத்தாழ 11 அடி. முன் சீட்டுக்குப் பின்னால் ஆள் காலை நீட்ட இடம் கிடையாது.

ஆனாலும் அதில் மனிதர்களைப் படுக்கவைத்தார்கள். அடிபட்ட சிப்பாய்களுக்காக. இரும்புக் குழாயில் சட்டம் செய்து ஜீப்பின் மேல் பொருத்தி, அதில் ஸ்ட்ரெச்சர்களை அடுக்கிக் கட்டிக்கொண்டு சேற்றிலும் மலையிலும் ஓட்டினார்கள். அடிபட்டவர்களை இறக்கியதும் சட்டத்தைக் கழற்றிவிட்டால் வண்டி மறுபடி வெடிமருந்து சுமக்கும். கரடுமுரடான பாதைக்கென்று செய்த வண்டியில் கழற்றி மாட்டும் படுக்கை என்றால், அந்தக் குடும்பத்தின் மூதாதை அந்த ஸ்ட்ரெச்சர் சட்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. உல்லாசத்துக்கு வெகு தொலைவில் பிறந்த சாமான்.

1945இல் இரும்பு வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்ட மகிந்திரா நிறுவனம், 1947இல் வில்லீஸ் ஜீப்பை உதிரி பாகங்களாக இறக்குமதி செய்து இங்கே பூட்ட ஆரம்பித்தது. மலைத் தோட்டங்களுக்கு அது வரப்பிரசாதம். நாளாக ஆக ஜீப் நீண்டது. பின்னால் எதிரெதிராக இரண்டு நீளப் பெஞ்சுகள் வந்தன. பஸ் போகாத மலைக் கிராமங்களுக்கு அந்தப் பெஞ்சில் எட்டு பேர் உட்கார வேண்டிய இடத்தில் பதினைந்து பேர் போனார்கள். பிரசவ வலி வந்த பெண்ணை, பாம்பு கடித்தவரை அந்தப் பெஞ்சுகளுக்கு நடுவே கிடத்திக்கொண்டு இறங்கியவர்கள் எல்லா மலையிலும் இருக்கிறார்கள். ஜீப் பாதைகூட இல்லாத இடத்தில் இன்றும் டோலி கட்டித்தான் தூக்கி வருகிறார்கள். பல்லக்கு ஒழிந்துவிட்டது என்று நாம் நினைக்கும் ஊரில், நோயாளிக்கு மட்டும் அது மிச்சம் இருக்கிறது.

*

ஏற்காட்டிலிருந்து கீழே இறங்கிச் சேலத்தைத் தாண்டினால் சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல். இந்தியாவின் லாரித் தொழிலில் இந்த முக்கோணத்துக்குத் தனி இடம் உண்டு. நம் நாட்டில் வெகுகாலம் லாரி என்று வாங்கினால் கம்பெனியிலிருந்து வந்தது எஞ்சினும் சேஸிஸும்தான். கேபினையும் பாடியையும் நாமக்கல் போன்ற ஊர்களின் பட்டறைகளில் ஆசாரிகளும் வெல்டர்களும் கட்டினார்கள். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கேபினின் அகலத்துக்கு ஒரு பலகை போடுவதும் அந்தப் பட்டறைக் கைகள்தான். மேலே ஒரு ரெக்ஸின் மெத்தை. ஒருவர் ஓட்ட இன்னொருவர் அதில் முடங்கிக்கொள்வார்.

தமிழகத்தில் ஓடும் வண்டிக்குள் கட்டிய படுக்கைகளிலேயே அதிகம் பயன்பட்டது அந்தப் பலகையாகத்தான் இருக்கும். அதைப் பற்றி யாரும் பயணக் கட்டுரை எழுதவில்லை, படம் எடுத்து யாருக்கும் காட்டவில்லை. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போர்வெல் போடப் போகின்றன. மாதக்கணக்கில் ஊர் திரும்பாத அந்தப் பையன்கள் தூங்குவது பெரும்பாலும் வண்டியின் மேலேயும் அடியிலேயும்தான்.

சட்டம் என்ன சொன்னது? 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், ஒரு நாளைக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலையை வரையறுத்திருந்தது. ஆனால் அது ஐந்து பேரோ அதற்கு மேலோ வேலை செய்த நிறுவனங்களுக்குத்தான் பொருந்தியது. ஒற்றை வண்டி முதலாளியிடம் ஓட்டுபவர் அந்தக் கணக்குக்குள் வரவில்லை. வெள்ளக்கடை டிரைவர் அண்ணன் மாதிரி.

*

இந்த இடத்தில் 'கழற்றத்தக்க' என்பதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவின்படி, பதிவுச் சான்றில் உள்ள, தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு முரணாக வண்டியை மாற்றக் கூடாது. கேரளத்திலிருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதைக் கறாராக உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த சட்டத் திருத்தம், அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க வழி செய்தது. சீட்டைப் பிடுங்கிவிட்டு, வண்டியைத் துளைத்து, கட்டிலை வெல்ட் செய்வது என்பது இன்று வீண் வம்பு. நாமக்கல் பட்டறைகளின் பழைய சுதந்திரம் சொந்த ஜீப்காரனுக்குக் கிடையாது.

ஆசாரிக்கு இந்தத் தீர்ப்பெல்லாம் தெரியாது. ஆனால் ஆணியே அடிக்கக் கூடாது என்று முதல் நாளே சொன்னவர் அவர்தான்.

அவர் செய்த வேலை இது. ஜீப்பின் இரண்டு பெஞ்சுகளும் ஒரே உயரம். அவற்றின் மேல் குறுக்காகப் பலகை வைத்தால் அதுவே தளம். 12 மில்லி ப்ளைவுட் நடுவில் தொய்ந்தது. 18 மில்லி நின்றது. ஆனால் ஒரே பலகையாகப் போட்டால் இருபது கிலோவுக்கு மேல் வரும், ஒருவரால் தூக்கிக் கழற்ற முடியாது. அதனால் மூன்று துண்டுகள், ஒவ்வொன்றும் ஏழெட்டு கிலோ. ஒவ்வொரு துண்டின் அடியிலும் இரண்டு ரீப்பர் கட்டைகளைத் திருகினார். அவை பெஞ்சுகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் சரியாக இறங்கி உட்காரும். தளம் இடம் வலம் நகராது. முன்பின் நகராமலிருக்க, வண்டியில் ஏற்கெனவே இருந்த கொக்கிகளில் லாரிக்காரர்கள் பயன்படுத்தும் பட்டையைப் போட்டு இறுக்கினோம். வண்டி ஓடும்போது தளத்தின் மேல் யாரும் இருக்கக் கூடாது என்பது முதல் விதி. பகலில் மூன்று பலகையும் தோட்டத்துக் கொட்டகையில் சாய்ந்து நிற்கும், பழைய வண்டிக் கூண்டு தொழுவத்தில் நின்ற மாதிரி.

நீளம்தான் இடித்தது. பெஞ்சு ஐந்து அடி. என் நண்பன் ஐந்தே முக்கால் அடி. பின்கதவைச் சங்கிலியில் தாழ இறக்கி, அதன்மேல் வந்து உட்காரும்படி கடைசிப் பலகைக்குக் கீல் போட்டு ஒரு நாக்கு நீட்டினார் ஆசாரி. மிடில் பெர்த்தின் சங்கிலி ஞாபகம் வந்தது.

முதல் ராத்திரி நாங்கள் இருவரும் படுத்துப் பார்த்தோம். இரண்டு பாடம். சரிவில் நிறுத்தினால் தலை மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் விடிவதற்குள் மண்டைக்குள் ரத்தம் இறங்கிக் கனக்கும். கித்தானை முழுக்க இழுத்து மூடினால் நம் மூச்சே நீராகிச் சொட்டும். குளிரானாலும் ஒரு கை அகலம் திறந்துதான் வைக்க வேண்டும். குளிருக்கு எஞ்சினை ஓடவிட்டுத் தூங்குவதோ, உள்ளே கரி அடுப்பு வைப்பதோ கூடவே கூடாது. அந்தப் புகையில் வாசனையே இல்லாத நஞ்சு இருக்கிறது, தூக்கத்திலேயே கொண்டுபோய்விடும்.

*

2023இல் தமிழ்நாடு அரசு கட்டட விதிகளில் ஒரு திருத்தம் கொண்டுவந்தது. ஓட்டல்களும் லாட்ஜ்களும், விருந்தினர்களை அழைத்துவரும் ஓட்டுநர்கள் தங்க இடமும் கழிப்பறையும் கொடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். சின்னச் செய்தியாக வந்து போனது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் ஏற்காட்டிலும் ராத்திரி பதினொரு மணிக்கு நடந்து பாருங்கள். வரிசையாக நிற்கும் டூரிஸ்ட் கார்களில், சாய்த்த சீட்டில், கண்ணாடியில் துண்டைத் தொங்கவிட்டுத் தூங்குகிறவர்களைப் பார்க்கலாம். கொண்டை ஊசி வளைவுகளில் மறுநாள் நம் குழந்தைகளை இறக்கிக் கொண்டுவரப் போவது அவர்கள்தான். அவர்கள் தூக்கத்தில்தான் நம் உயிர் இருக்கிறது. ஓட்டுநருக்குப் படுக்கை கொடுக்கச் சொல்லி ஒரு விதி எழுத 2023 வரை ஆகியிருக்கிறது.

பல்லக்குத் தூக்கி எங்கே தூங்கினான் என்று எந்த துரையும் எழுதிவைத்ததாக நான் படித்ததில்லை. மாட்டுவண்டிக்காரர் நுகத்தடியில் சாய்ந்து கண்ணயர்ந்தார். லாரி டிரைவருக்கு நாமக்கல் ஆசாரி ஒரு பலகை போட்டுக் கொடுத்தார். படுக்கை வாகனத்தின் சரித்திரம் என்று நான் தேடிப் போனதில், அதை இழுத்தவர்களுக்கும் ஓட்டியவர்களுக்கும் இடம் ஒதுக்கியது கடைசி வரை அந்தப் பலகை ஒன்றுதான்.

பொங்கல் கழிந்து மறுபடி வெள்ளக்கடை போனேன். நண்பனின் வாடகைத் திட்டம் இன்னும் பேச்சளவில்தான் இருந்தது. ஆனால் பலகைகள் சும்மா இல்லை. காப்பி மூட்டையோடு கீழே போகிற ராத்திரிகளில், விடியும் வரை காத்திருக்க வேண்டியிருந்தால், மூட்டையை இறக்கிவிட்டு டிரைவர் அண்ணன் அவற்றை மாட்டிக்கொள்கிறாராம். மூன்று பலகையும் ஜீப்பின் பின்பக்கம் ஓரமாகச் சாய்ந்திருந்தன. கடைசிப் பலகையின் நாக்கை மட்டும் காணோம்.

"கழட்டி வச்சிட்டேன் தம்பி," என்றார். "நான் குட்டைதானே. எனக்கு அஞ்சடி போதும். கதவ மூடிட்டுத் தூங்கலாம், குளுரு அடிக்காது."